பத்துப் பேருக்கு அரைக் கட்டணமா, மூன்று பேருக்கு முழுச் செலவா?

கேள்வி: மட்டக்களப்பு நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆங்கில மொழிமூலப் பாடசாலையின் நிருவாகக் குழுவில் இருக்கிறேன். தரம் 6இல் வருடத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு அரைக் கட்டணச் சலுகை வைத்திருக்கிறோம். படுவான்கரைப் (வாவிக்கு மேற்கே உள்ள விவசாயக் கிராமங்கள்) பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வரவேண்டும், எல்லாரும் ஒன்றாகப் படிக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் சலுகை எடுப்பவர்கள் பெரும்பாலும் நகரத்து உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வந்த ஓரிருவரும் இரண்டு வருடத்தில் விலகிவிட்டார்கள். இதை எப்படித் திருத்துவது? இன்னொன்று, முழுக் கட்டணம் கட்டும் பெற்றோர் முறைப்பட்டால் என்ன சொல்வது?

பதில்:

புலமைப்பரிசில் தெரிவுக் குழுக்களில் பல வருடம் இருந்தவன் என்ற வகையில் சொல்கிறேன். உங்கள் சலுகை நகரத்து உத்தியோகத்தருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது, அதனால் அவர்களுக்குத்தான் அது பொருந்தும். மீதி அரைக் கட்டணத்தை மாதாமாதம் கட்டக்கூடியவர், பாடசாலைக்குப் பக்கத்தில் இருப்பவர், விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவர், சம்பளச் சீட்டு வைத்திருப்பவர். இந்த நான்கும் உள்ள ஆள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பத்து அரைச் சலுகையை நிறுத்திவிட்டு, அதே பணத்தில் மூன்று பிள்ளைகளை முழுச் செலவோடு எடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. அந்த மூன்று பேரும் ஒரே பக்கத்திலிருந்து, ஒரே வருடம் வரவேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. உங்கள் மாதக் கட்டணம் எனக்குத் தெரியாது, உதாரணத்துக்கு 10,000 ரூபா என்று வைப்போம். பத்துப் பேருக்கு அரைச் சலுகை என்றால் மாதம் 50,000 ரூபா விட்டுக்கொடுக்கிறீர்கள். ஒரு படுவான்கரைப் பிள்ளையின் முழுச் செலவைப் போடுங்கள்: கட்டணம் 10,000, வான் 5,000, சீருடை, சப்பாத்து, கொப்பி, விளையாட்டுப்போட்டிக் காசு, சுற்றுலா, பரீட்சைக் கட்டணத்துக்கு ஒதுக்கு என்று சராசரியாக 2,000. மொத்தம் 17,000. மூன்று பேருக்கு 51,000. கிட்டத்தட்ட அதே பணம். அரைச் சலுகையில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மாதம் 12,000 ரூபா சுமை மிஞ்சுகிறது. வயலையோ கூலியையோ நம்பியிருக்கும் வீட்டில் அதை எங்கிருந்து எடுப்பது? அந்தப் பிள்ளைகள் இரண்டு வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

இங்கே உங்கள் பொருளாளர் ஒரு நியாயமான தடை சொல்வார். கட்டண விலக்கு கணக்குப் புத்தகத்தில் மட்டும் நடப்பது, வான் காசு கையிலிருந்து போவது, இரண்டும் ஒன்றல்ல என்பார். உண்மைதான், அந்த வித்தியாசம் உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறது. 25 பேர் இருக்கக்கூடிய வகுப்பில் 18 பேர் இருந்தால், இன்னும் மூன்று பேர் வந்து உட்காருவதால் ஆசிரியர் சம்பளம் கூடாது, கரண்ட் பில் கூடாது. பல தனியார் பாடசாலைகள் கொடுக்கும் 'நிதியுதவி'யும் இப்படி நிரம்பாத கதிரைக்குக் கொடுக்கும் கழிவுதான். கட்டணம் கட்டும் வசதியைப் பார்க்காமலே பிள்ளையைத் தெரிவு செய்து, பிறகு தேவையான அளவு உதவுவது பெரிய மூலதன நிதி உள்ள சில பாடசாலைகளால்தான் முடியும். அமெரிக்காவில் பிலிப்ஸ் அகடமி என்ற விடுதிப் பாடசாலை 2007 முதல் அப்படிச் செய்கிறது. உங்களால் அது முடியாது, தேவையுமில்லை. உங்களுக்கு உண்மையில் தேடவேண்டிய காசு, ஒரு பிள்ளையின் வானுக்கும் மற்றச் செலவுக்கும் போகும் அந்த மாதம் 7,000 ரூபாதான். தரம் 6 முதல் 11 வரை ஆறு வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு 504,000 ரூபா. விலைவாசி ஏறும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டிவையுங்கள். அந்தப் பணம் கையில் இருந்தால் மட்டும் பிள்ளையை எடுங்கள். ஒரு வருடத்துக்கு நன்கொடை கிடைத்துவிட்டது என்று பிள்ளையை எடுத்து, மூன்றாம் வருடம் 'நிதி முடிந்துவிட்டது' என்று கடிதம் அனுப்புவதைவிட எடுக்காமல் விடுவது நல்லது. பழைய பாடசாலையில் அந்தப் பிள்ளையின் இடமும் போயிருக்கும், கூட்டாளிகளும் தரம் மாறிப் போயிருப்பார்கள்.

வகுப்பு நிரம்பியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது மூன்று இலவச இடம் என்பது மூன்று கட்டணம் இல்லாமல் போவது. அதையும் குழுவில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

அடுத்தது காலம். இதை எங்கள் பக்கப் பாடசாலைகள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஜனவரியில் வருடம் தொடங்குகிறது, அனுமதிக் கட்டணமும் முதல் தவணைக் கட்டணமும் ஜனவரியில் கேட்கிறீர்கள். படுவான்கரையில் பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். ஜனவரி என்றால் விதைப்புக்கும் உரத்துக்கும் நகையை அடகு வைத்துவிட்டு மழையையும் வெள்ளத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் மாதம். மானாவாரி வயல்காரருக்கு வருடத்தில் அந்த ஒரே போகம்தான். கரையோரத்தில் கடற்தொழில் செய்பவருக்கும் வாடைக்காற்றுக் காலம் அதே மாதங்கள்தான், தோணி இறக்க முடியாது. ஆக வீட்டில் காசு இல்லவே இல்லாத நேரத்தில் நீங்கள் மொத்தமாகக் கேட்கிறீர்கள். சலுகைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, கேட்கும் எந்தப் பெற்றோருக்கும் ஏப்ரலில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று இரண்டு தவணையில் கட்டும் வசதியைக் கொடுத்துப் பாருங்கள். இதற்கு நன்கொடையாளர் தேவையில்லை, வங்கிக் கணக்கில் மூன்று மாதம் பொறுமை இருந்தால் போதும். சில வீடுகளுக்குச் சலுகையைவிட இதுதான் பெரிய உதவி.

தெரிவு செய்யும் முறையிலும் ஓட்டை இருக்கும். சம்பளச் சீட்டுக் கேட்கிறீர்கள் அல்லவா? அரச உத்தியோகத்தரின் சீட்டில் இடர்கடன், வீட்டுக்கடன், விழாமுற்பணம் எல்லாம் கழித்து மிஞ்சும் தொகையைப் பார்த்தால் அவர் பரம ஏழை. மொத்தச் சம்பளத்தைப் பார்க்கவேண்டும், கழிவுக்குப் பிந்திய தொகையை அல்ல. கூலி வேலை செய்பவரிடம் சீட்டே கிடையாது, கிராம உத்தியோகத்தரின் கடிதம்தான். மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாயின் வீடு கல்வீடாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு 'வசதியான ஆட்கள்' என்று எழுதிவிடுவார்கள். அந்த வீட்டுக்குப் பின்னால் முகவருக்குக் கொடுத்த கடனும் நுண்கடனும் எவ்வளவு என்று கேட்டால்தான் தெரியும். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலை ஒரு அடையாளமாக எடுக்கலாம், முடிவாக எடுக்காதீர்கள். 2023இல் அது வந்த நாளிலிருந்து விடுபட்டவர்களின் மேன்முறையீடு ஓயவில்லை. என் அனுபவத்தில் சிறந்த சாட்சி அந்தப் பிள்ளை இப்போது படிக்கும் பாடசாலையின் வகுப்பு ஆசிரியர். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது, எந்தப் பிள்ளை அறுவடைக் காலத்தில் வரவில்லை, எந்தப் பிள்ளை இதையெல்லாம் தாண்டிப் புத்தகத்தை விடவில்லை என்று அந்த ரீச்சருக்குத்தான் தெரியும். அறிவித்தலை முகப்புத்தகத்தில் போடுவதோடு நிறுத்தாமல், நான்கைந்து கிராமப் பாடசாலை அதிபர்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள்.

பரீட்சை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் புள்ளியையும் அளவுகோலாக வைக்காதீர்கள். அந்தப் பரீட்சைக்கு மூன்றாம் தரத்திலிருந்தே ரியூசன் போன பிள்ளையைத்தான் திரும்பவும் பொறுக்கி எடுப்பீர்கள். இன்னொன்றையும் மனச்சாட்சியோடு சொல்லவேண்டும். அந்தப் பரீட்சையில் நன்றாகச் செய்த வறிய பிள்ளைக்கு நகரத்தின் பெரிய தேசிய பாடசாலை ஒன்றில் இலவசமாக இடம் கிடைக்கும் என்றால், அந்தப் பிள்ளையை அங்கே போக விடுங்கள். 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி எத்தனை ஓட்டையோடு இருந்தாலும், பல பிள்ளைகளுக்கு உங்கள் பாடசாலையைவிட அதுதான் பாதுகாப்பான வழி.

இதிலிருந்து மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பாடசாலை எந்தப் பாடத்திட்டம்? லோக்கல் சிலபஸை ஆங்கிலத்தில் படிப்பிக்கிறீர்களா, பிரித்தானியப் பரீட்சைச் சபைகளின் லண்டன் சிலபஸா? லண்டன் என்றால் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று பரீட்சைக் கட்டணம். அது பவுணில் நிர்ணயிக்கப்படுவது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேலே போனபோது பவுணும் கூடவே ஏறியது. ஐந்து வருடம் இலவசமாகப் படித்த பிள்ளை கடைசியில் பரீட்சைக் காசு இல்லாமல் பாடங்களைக் குறைத்துக்கொண்டால் அந்த ஐந்து வருடத்துக்கு என்ன அர்த்தம்? பரீட்சைக் கட்டணத்தை உள்ளடக்காத உதவியை நான் உதவிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரிது, ஆனால் யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. அரச பல்கலைக்கழகத்துக்கு வழி உள்ளூர் உயர்தரப் பரீட்சையும், அதன் புள்ளிகளைப் பாடங்களுக்கிடையே ஒப்பிடக்கூடியதாக மாற்றிய இசட் புள்ளியும்தான். பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. அதாவது கொக்கட்டிச்சோலையிலோ திருக்கோவிலிலோ இருக்கும் ஒரு வறிய பிள்ளையின் கையில் உள்ள பெரிய சொத்து அந்த மாவட்ட ஒதுக்கீடு. வந்தாறுமூலை, ஒலுவில் என்று பக்கத்துப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமல்ல, மருத்துவம், பொறியியல் வரைக்கும் அது கூடவே வரும், பல்கலைக்கழக மாணவருக்கான மஹாபொல உதவிப்பணமும் பின்னால் வரும். லண்டன் உயர்தரத்துக்குப் போன பிள்ளை இதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறது. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பரவாயில்லை, கொழும்பில் தனியார் பட்டம் அல்லது வெளிநாடு என்று வேறு வழி இருக்கிறது. இலவச இடத்தில் வந்த பிள்ளைக்கு? 16 வயதில் சிலபஸ் மாறி லோக்கல் உயர்தரத்துக்கு வா என்று சொல்லவேண்டிவரும். ஆகவே உங்களிடம் லண்டன் சிலபஸ் மட்டும்தான் என்றால், முதலில் ஒரு லோக்கல் பிரிவைத் தொடங்குங்கள், பிறகு புலமைப்பரிசிலைப் பற்றிப் பேசுவோம். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். நல்லெண்ணத்தோடு ஒரு பிள்ளையின் பல்கலைக்கழக வாசலை அடைத்துவிடக்கூடாது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1960, 1961இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்குவதையும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் தடுத்தது. அதனால்தான் பிறகு வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் வியாபாரமாகப் பதிவாகின. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பாடசாலைகளின் ஆரம்ப வகுப்பில் 25 வீத இடத்தை நலிந்த பிரிவினருக்குக் கொடுக்கச் சொல்கிறது, அரசு அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும். எங்கள் நாட்டில் அப்படி ஒரு கடமை இல்லை. எல்லாம் உங்கள் விருப்பம், உங்கள் காசு. ஒரு கம்பனிக்கு நன்கொடை தர ஆட்கள் தயங்குவார்கள், அதுவும் நியாயம். உதவி நிதியைப் பாடசாலைக் கணக்கோடு கலக்காமல் தனி நம்பிக்கைப் பொறுப்பாக வைத்து, வருடாவருடம் கணக்காய்வு அறிக்கையைக் காட்டுங்கள். லண்டனிலும் டொரோண்டோவிலும் இருக்கும் ஊர் ஆட்கள் தருவார்கள். ஆனால் 'என் காசில் படிக்கும் பிள்ளையின் படம் அனுப்பு, நன்றிக் கடிதம் எழுதச் சொல்லு' என்று கேட்பவர்களும் இருப்பார்கள். பணம் பொது நிதிக்குத்தான், பிள்ளையின் பெயர் சொல்லமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதனால் போகும் காசு போகட்டும்.

இனி முஸ்லிம் பிள்ளைகள். வறுமையையும் சமூகக் கலப்பையும் ஒரே நிதியால் தீர்க்கப் பார்க்கிறீர்கள், அது முடியாது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முழுக் கட்டணம் கட்டக்கூடிய குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்கள் வராததற்குக் காரணம் காசு அல்ல. சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். உங்களிடம் இஸ்லாம் படிப்பிக்க மௌலவி ஒருவர் இருக்கிறாரா? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக நேர அட்டவணையில் இடம் இருக்கிறதா? பெண் பிள்ளைக்குப் பர்தாவோடு கூடிய சீருடையை விதியிலேயே எழுதியிருக்கிறீர்களா, அல்லது 'கேட்டால் விடுவோம்' என்றா? நோன்பு மாதத்தில் தவணைப் பரீட்சை வைக்கிறீர்களா? ஒரு வாப்பா உங்கள் அலுவலகத்துக்கு வந்தால் கட்டணத்தை அறிய முன்னமே இதைத்தான் கண்ணால் அளப்பார். இவற்றைச் சரிசெய்ய ஒரு பகுதிநேர ஆசிரியரின் சம்பளம் போதும், அதை விளம்பரத்துக்குப் போகும் காசிலிருந்தே எடுக்கலாம்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. காரைதீவில் 1892இல் பிறந்த தமிழறிஞரும் துறவியுமான விபுலானந்தர் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும், பிறகு மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். அதே மனிதர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நகரத்துப் பாடசாலைகளில் தமிழ், முஸ்லிம், பறங்கிப் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்தார்கள். பாடசாலைகள் மொழி, சமயம் என்று பிரிந்து நின்றதும், 1990 வன்முறைகளுக்குப் பிறகு ஊருக்கு ஊர் போகவே பயந்ததும் சேர்ந்து அதைக் கலைத்துவிட்டன. விடுதிதான் அன்றைக்குத் தூரத்துப் பிள்ளையைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 2014இல் வாவிக்கு மேலாகப் படுவான்கரையை இணைக்கும் மண்முனைப் பாலம் திறந்த பிறகு தூரம் குறைந்திருக்கிறது, ஆனால் காலை ஆறு மணிக்கு வானுக்கு நிற்கும் பிள்ளைக்குத் தூரம் தூரம்தான்.

வந்த பிள்ளை நிலைக்கவேண்டுமானால் இன்னும் இரண்டு காரியம். தமிழ்மொழிமூலத்தில் ஐந்தாம் தரம் வரை படித்த பிள்ளையை நேராக ஆங்கில வகுப்பில் போட்டால் முதல் தவணையில் கடைசி நிலைக்கு வந்துவிடும். தரம் 5 பரீட்சை முடிந்ததிலிருந்து ஜனவரி வரை இருக்கும் மாதங்களில் சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு வையுங்கள், முதல் வருடம் முழுக்கத் தொடருங்கள். தமிழில் விடை எழுதினாலும் விளங்கியிருந்தால் புள்ளி போடலாம் என்று கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்குச் சொல்லிவையுங்கள். மற்றது, தனியாக எடுக்காதீர்கள். ஒரு வகுப்பில் ஒரே ஒரு படுவான்கரைப் பிள்ளை என்றால் அதன் பேச்சு, சாப்பாட்டுப் பெட்டி, சப்பாத்து எல்லாம் வேடிக்கைப் பொருளாகும். பிள்ளை வீட்டில் சொல்லாது, வயிற்றுவலி என்று நிற்கும். மூன்று பேர் ஒரே வானில் வந்தால் ஒன்றுக்கு ஒன்று துணை, வான் காசும் குறையும். கட்டணம் கட்டாதவர்கள் பட்டியலைக் காலைக் கூட்டத்தில் வாசிக்கும் பழக்கம் எங்கள் பக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. உங்களிடமும் இருந்தால் நாளைக்கே நிறுத்துங்கள். யார் சலுகையில் படிக்கிறார் என்பது அதிபருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும், வகுப்பு ஆசிரியருக்குக்கூடத் தேவையில்லை.

கடைசியாக, கட்டணம் கட்டும் பெற்றோரின் முறைப்பாடு. 'எங்கள் காசில் அவர்களைப் படிப்பிக்கிறீர்களா' என்று கேட்பார்கள். வெற்றுக் கதிரைக் கணக்கையும் தனி நிதியின் அறிக்கையையும் காட்டுங்கள், பெரும்பாலானோர் அதோடு அடங்கிவிடுவார்கள். 'தரம் இறங்கிவிடும்' என்று சொல்பவர்கள் கொஞ்சம் கஷ்டம். அவர்களிடம் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள், அதற்குள் இரண்டு மூன்று பேர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனாலும் போவார்கள். அந்த இழப்பைக் குழு இப்போதே பேசி ஏற்றுக்கொள்ளட்டும், ஏனென்றால் முதல் பெற்றோர் விலகும்போது அவசரக் கூட்டம் போட்டுத் திட்டத்தைக் கைவிட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். வாதாடும் பெற்றோரில் யாராவது, எங்கள் பிள்ளைக்கும் இரண்டு தவணையில் கட்ட விடுவீர்களா என்று கேட்டால், உடனே ஆம் என்று சொல்லுங்கள்.